ஆட்டுக்கறிக்கு முத்திரை குத்தும் முன்: உரித்த ஆட்டைப் பரிசோதிக்கும் முறை

உரித்துத் தொங்கும் ஆட்டை மட்டும் பார்த்துவிட்டு நல்ல கறி என்று யாராலும் சொல்ல முடியாது. நோயின் தடயம் கறியில் தெரிவது அபூர்வம். ஈரலில் தெரியும், நுரையீரலில் தெரியும், சுவரொட்டியில் (மண்ணீரலில்) தெரியும், குடலை ஒட்டிய நெறிகளில் (நிணநீர்க் கணுக்களில்) தெரியும். ஆனால் நம் ஊர் அறுப்புக் கூடங்கள் பலவற்றில் ஆடு அறுபட்ட சில நிமிடங்களுக்குள் தலையும் காலும் ஒரு கூடைக்கும், குடல் ஒரு வாளிக்கும், ஈரல் இன்னொரு கொக்கிக்கும் போய்விடுகின்றன. தலைக்கறி வாங்குபவர் ஒருவர், குடல் வாங்குபவர் வேறொருவர். பரிசோதிக்கும் கால்நடை மருத்துவர் வந்து நிற்கும்போது கொக்கியில் நான்கு சப்பையும் விலாவும்தான் மிச்சம். அதில் குத்தும் முத்திரைக்கு மதிப்பில்லை.

ஆகவே கத்தியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது எண் கட்டுவது. ஒரு ஆட்டுக்கு ஒரே எண் எழுதிய நான்கு பிளாஸ்டிக் அட்டைகள் போதும்: ஒன்று உடலுக்கு, ஒன்று தலைக்கு, ஒன்று மூச்சுக்குழலிலிருந்து ஈரல் வரை சேர்ந்த கொத்துக்கு, ஒன்று குடலுக்கு. ரத்தத்தையும் பொரியலுக்குப் பிடிக்கிறார்கள் என்றால், ஆட்டுக்கு ஒரு பாத்திரம் வைத்து அதற்கும் எண் போட வேண்டும். பத்து ஆட்டு ரத்தத்தை ஒரே அண்டாவில் ஊற்றிவிட்டால், அதில் ஒரு ஆடு தகாதென்று கழிக்கப்பட்டாலும் அண்டா முழுவதும் சாக்கடைக்குத்தான். நான்கு துண்டுகளும் பார்த்து முடியும் வரை எதுவும் கூடத்தை விட்டு வெளியேறக் கூடாது. இந்த ஒரு ஒழுங்கு வந்துவிட்டால் மற்றவை கைப்பழக்கம்தான்.

வெளிச்சமும் கத்தியும்

ஞாயிற்றுக்கிழமைக் கறி விடியற்காலை இருட்டில் அறுபடுகிறது. மஞ்சள் பல்புக்குக் கீழே மஞ்சள் காமாலை தெரியாது. பரிசோதிக்கும் இடத்தில் 540 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும் என்பது உலக அளவிலான நெறிமுறை. வெள்ளை எல்.இ.டி. விளக்குகளைக் கொக்கித் தண்டவாளத்துக்கு முன்பக்கமாக, பார்ப்பவரின் நிழல் விழாதபடி பொருத்தினால் அந்த அளவு கிடைத்துவிடும். நிறத்தில் சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று அந்த உடலைத் தனியே நிறுத்தி வைக்க வேண்டும்.

கத்தி இரண்டு தேவை. ஒன்று கையில், மற்றொன்று 82 டிகிரி செல்சியஸ் வெந்நீரில். ஒரு சீழ்க்கட்டியையோ பித்தக்குழாயையோ வெட்டிய கத்தி அடுத்த ஆட்டைத் தொடக் கூடாது. வெந்நீர்த் தொட்டி இல்லாத கூடத்தில் அடுப்பின் மேல் ஒரு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தாலே வேலை நடக்கும். கத்தியைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் மிகக் கெட்ட பழக்கம், ஏனென்றால் அந்தத் துணி நாள் முழுவதும் எல்லா ஆட்டுக் கிருமியையும் சேர்த்து வைத்திருக்கும். இவற்றோடு கையுறை, டார்ச், வெள்ளைப் பீங்கான் தட்டு, எழுதத் தோதான ஒரு பதிவேடு.

உயிரோடு பார்த்தது பாதி வேலை

விலங்கு வதைத் தடுப்பு (இறைச்சிக்கூட) விதிகள், 2001 ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல், நாளுக்கு 96க்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்கிறது. ஒரு ஆட்டுக்கு ஐந்து நிமிடம். சினை ஆடு, மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டி, மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியை உடைய தாய் ஆகியவற்றை அறுக்க அதே விதிகள் தடை செய்கின்றன.

மந்தையை முதலில் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒதுங்கி நிற்பது, தலை தொங்குவது, மூக்கு ஒழுகுவது, கழிவது, நொண்டுவது ஆகியவற்றைப் பிரித்து நிறுத்தி வெப்பமானியை வைக்கலாம். ஆட்டின் இயல்பான சூடு சுமார் 102 முதல் 104 பாரன்ஹீட். லாரியில் வெயிலில் வந்திறங்கிய ஆடு அதைத் தாண்டிக் காட்டும். நிழலில் தண்ணீர் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். இறங்காத சூடு காய்ச்சல்தான். அந்த ஆட்டை அன்று அறுக்கக் கூடாது.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி ஊசி பற்றியது. மருந்தின் மிச்சத்தைக் கத்தியால் கண்டுபிடிக்க முடியாது. லேபிளில் விலக்கு நாள் (மருந்து கொடுத்த பின் அறுக்காமல் காத்திருக்க வேண்டிய நாள்) குறிப்பிடாத மருந்தென்றால் இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் என்று இந்திய மருந்து விதி வைத்திருக்கிறது. நோய் வந்து ஊசி போட்டுத் தேறாத ஆட்டை விற்றுத் தள்ளுவது எங்கும் நடப்பதுதான். உரித்த பின் கழுத்திலோ தொடையிலோ சதைக்குள் மஞ்சள் கறையோ வீங்கிய வெளிறிய திட்டோ கண்டால், விற்றவரிடம் அந்தக் கேள்வியை மீண்டும் கேட்க வேண்டும்.

செத்த ஆடா, அறுத்த ஆடா?

இதை உடலைப் பார்த்ததும் முதலில் தீர்த்துவிட வேண்டும். உயிருள்ள ஆட்டின் கழுத்தை அறுத்தால் வெட்டின் ஓரம் உள்ளிழுத்துச் சுருங்கும். திசுவுக்குள் ரத்தம் ஊறியிருக்கும். செத்த பின் அறுத்ததில் ஓரம் தட்டையாக, கழுவினால் வெளுத்துவிடும். விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் ரத்தக்குழாய்களைப் பாருங்கள்: நன்றாக ரத்தம் வடிந்த ஆட்டில் அவை கண்ணுக்கே தெரியாது, வடியாததில் கருநீலக் கோடுகளாக நிற்கும். செத்துக் கிடந்த பக்கத்துச் சிறுநீரகமும் நுரையீரலும் மறுபக்கத்தைவிடக் கறுத்திருக்கும். இந்த அடையாளங்கள் சேர்ந்து வந்தால் வாதத்துக்கு இடமில்லை, முழு உடலும் கழிவு.

வடிந்ததா என்பதில் மட்டும் ஐயம் இருந்தால் மாலகைட் பச்சைச் சோதனை உதவும். கொழுப்பில்லாத சதை 6 கிராமைப் பொடியாக நறுக்கி 14 மி.லி. வாலை வடிநீரில் 15 நிமிடம் ஊறவையுங்கள். அந்தச் சாற்றில் 0.7 மி.லி. எடுத்து, மாலகைட் பச்சைக் கரைசல் ஒரு சொட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டுக் கலக்கி 20 நிமிடம் வையுங்கள். தெளிந்த நீலம் என்றால் நன்றாக வடிந்திருக்கிறது. பச்சையாக நின்றால் சரியாக வடியவில்லை. கலங்கிய ஆலிவ் பச்சை என்றால் மிக மோசம்.

தோலுரிக்க வாயாலோ பம்பாலோ காற்றடித்த உடல் பருத்துப் பளபளப்பாகத் தெரியும். ஊதியவரின் வாயிலும் பம்பின் குழாயிலும் இருக்கும் கிருமி தோலுக்கடியில் உடல் முழுவதும் பரவியிருக்கும். கறிக்கடைக்காரர்கள் இதை வேகத்துக்காகச் செய்கிறார்கள். கையால் முட்டி உரிப்பதற்கு அதிக நேரம் ஆகாது என்று செய்து காட்டித்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

தலையும் கொத்தும்

தலையில் உதடு, ஈறு, நாக்கு, மேலண்ணம், கண் வெள்ளை. ஈறிலும் நாக்கிலும் புண்ணும் தவிட்டைத் தூவினாற்போல் செத்த படலமும் இருந்தால் ஆட்டுக்கொல்லி நோயை நினைக்க வேண்டும். அந்த ஆட்டின் பெருங்குடலைத் திறந்தால் மடிப்புகளின் மேல் வரிக்குதிரைக் கோடுபோல ரத்தக் கசிவு காணலாம். கொப்புளம் உடைந்த புண்ணோடு குளம்பிடுக்கிலும் புண் இருந்தால் கோமாரி. இந்த இரண்டு நோயில் எதைக் கண்டாலும் அந்த மந்தை முழுவதையும் நிறுத்திக் கால்நடைத் துறைக்குச் சொல்வது கட்டாயம். தாடைக்குக் கீழும் காதுக்குக் கீழும் இருக்கும் நெறிகளை விரலால் அழுத்திப் பாருங்கள்.

நுரையீரலைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவுவதில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல நுரையீரல் பஞ்சுபோல அமுங்கி எழும். ஈரலைப்போலக் கெட்டிப்பட்ட பகுதி நிமோனியா. உள்ளே கோலிக்குண்டுபோல உருளுவது நீர்க்கட்டி அல்லது சீழ்க்கட்டி. இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் நீளமாக ஓடும் நெறியையும் மூச்சுக்குழல் கிளையும் இடத்து நெறியையும் தவறாமல் அழுத்த வேண்டும். பெருத்திருந்தால் மட்டும் நீளவாக்கில் வெட்ட வேண்டும்.

புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கழுத்தறுத்த ஆட்டின் நுரையீரலில் சிவப்புப் புள்ளிகள் கட்டங்கட்டமாகப் பரவியிருக்கும். அறுபடும்போது மூச்சுக்குழலுக்குள் ரத்தம் இழுபட்டதால் வந்தது அது. மூச்சுக்குழலை நீளவாக்கில் திறந்தால் உள்ளே ரத்த நுரை இருக்கும், நெறி பெருத்திருக்காது. நோய் இல்லை. ஆனாலும் அந்த நுரையீரலை விற்பனைக்கு விடக் கூடாது, இரைப்பைத் தீனியும் அதே வழியில் ஏறியிருக்கலாம்.

இதய உறையைத் திறங்கள். ஒரு ஸ்பூன் தெளிந்த நீர் இயல்பு. வைக்கோல் நிறத்தில் நிறைய நீர் இருந்து, காற்றுப்பட்டதும் அல்வாபோல உறைந்து, சிறுநீரகமும் தொட்டால் குழைந்தால் துள்ளுமாரி (குடல் நச்சு நோய்). இதயத்தின் மேலும் நெஞ்சறைச் சவ்விலும் சிறுநீரகத்திலும் கடுகு சிதறியதுபோல ரத்தப் புள்ளிகள், பெருத்த சுவரொட்டி, உடலெங்கும் ஈரமான வீங்கிய நெறிகள் ஆகியவை சேர்ந்தால் கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது. ஒரு துண்டுகூட மிஞ்சாமல் முழு ஆடும் கழிவு. பரிசோதிக்கும் நாங்கள் மிகவும் கண்டிப்பாக இருக்கும் இடம் இதுதான், ஏனென்றால் இங்கே கறி பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

ஈரலுக்கு வருவோம். வாடிக்கையாளர் முதலில் கேட்பதும் ஆட்டில் அதிகம் கெட்டுப்போவதும் அதுதான். மேல்பக்கம், வயிற்றுப்பக்கம் இரண்டையும் தடவிய பின், வயிற்றுப்பக்கத்தில் பித்தக்குழாய் தடித்துத் தெரியும் இடத்தில் சுமார் ஐந்து செ.மீ. நீளத்துக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். மேல்பக்கம் துளைத்துக்கொண்டு வரும் ஆழம் வேண்டாம். விலை போகும் நல்ல ஈரலைக் கெடுத்துவிடும். வெட்டியதும் கட்டைவிரலால் பித்தக்குழாயை நெருக்கித் தள்ளுங்கள். கல்லீரல்புழு இருந்தால் இலைபோலத் தட்டையாக வெளியே வரும். நம் பகுதியில் காணும் இனம் மூன்று நான்கு செ.மீ.க்கு மேல் நீண்டிருக்கும். நாள்பட்டதில் குழாய் சுவர் புகையிலைக் குழாய்போலத் தடித்துக் கரகரவென்று வெட்டுப்படும். ஓரிரு குழாய்தான் என்றால் அந்தப் பகுதியைச் சீவி எறியலாம். ஈரல் முழுவதும் என்றால் ஈரலையே எறிய வேண்டும். ஆடு தேறிய நிலையில் இருந்தால் கறிக்குத் தடையில்லை. ஈரலைத் தின்பதால் இந்தப் புழு மனிதருக்கு வருவதில்லை. குளத்துக்கீரையிலும் நீர்ச்செடிகளிலும் ஒட்டியிருக்கும் கூட்டுப்பருவப் புழுவால் வருகிறது. அதற்காக அருவருப்பான ஈரலை யார் தட்டிலும் வைக்கலாம் என்று ஆகாது.

இரண்டு நீர்க்கட்டிகள்

ஈரலிலும் வலைக்கொழுப்பிலும் நீர்ப்பை கண்டதும் எல்லாவற்றையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். இரண்டு வகை உண்டு.

வலைக்கொழுப்பிலோ ஈரல் ஓரத்திலோ காம்போடு தொங்கும், கண்ணாடிபோல மெல்லிய தோலுடைய பை. உள்ளே தெளிந்த நீரில் ஒரே ஒரு வெள்ளைத் தலை நீண்ட கழுத்தோடு தெரியும். இது நாயின் நாடாப்புழு ஒன்றின் இளம்பருவம். மனிதரைப் பாதிக்காது. பையை அகற்றிவிட்டு மீதியை விடலாம். ஈரலுக்குள் வளைந்து வளைந்து ரத்தக் கோடுகள் இருந்தால் அதே புழு துளைத்துச் சென்ற பாதை; அந்த இடத்தையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும்.

மற்றது ஹைடாடிட், நாயின் இன்னொரு நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டி. ஈரலுக்குள்ளும் நுரையீரலுக்குள்ளும் புதைந்திருக்கும். சுவர் தடித்து, வெள்ளையாக, அடுக்கடுக்காக உரியும். உள்ளே நீர் அழுத்தத்தோடு நிற்பதால் கத்தி பட்டதும் முகத்தில் பீறிடும், குத்தவே வேண்டாம். அந்த நீரில் மணல்போல இருப்பவை ஒவ்வொன்றும் ஒரு நாடாப்புழுத் தலை. இதை மனிதர் தின்று நோய் வருவதில்லை. கூடத்து வாசலில் காத்திருக்கும் நாய் தின்றால் அதன் குடலில் ஆயிரக்கணக்கில் புழுக்கள் வளர்ந்து, ஏழு வாரத்துக்குள் முட்டை வெளியேறத் தொடங்கும். அந்த முட்டை நாயின் மயிரிலிருந்து குழந்தையின் கைக்கு வந்து, வாய்க்குப் போய், ஈரலிலோ நுரையீரலிலோ கட்டியாக வளரும். ஆகவே பரிசோதகரின் வேலை கட்டியுள்ள உறுப்பை முழுதாக, உடைக்காமல், பூட்டிய தொட்டியில் போடுவதில்தான் முடிகிறது. கூடத்துக்கு வெளியே வீசினால் பார்க்காமல் விட்டதைவிட மோசம். கூடத்தைச் சுற்றித் திரியும் நாய்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிராசிகுவாண்டெல் மாத்திரை, கிலோ எடைக்கு 5 மி.கி. என்ற கணக்கில், நகராட்சியின் செலவில் கொடுப்பது நல்ல முதலீடு.

வெள்ளாட்டின் தொடைச் சதையிலோ தோலுக்கடியிலோ எலுமிச்சையளவு நீர்ப்பையில் பல வெள்ளைத் தலைகள் கொத்தாக ஒட்டியிருந்தால் அது வேறொரு நாய் நாடாப்புழு. சுற்றுச் சதையோடு எடுத்துவிட வேண்டும். பல இடத்தில் இருந்தால் கறி விற்கத் தகாது.

சுவரொட்டி, குடல்

ரத்தசோகைக்கு நல்லது என்று தேடி வாங்கும் சுவரொட்டியை யாரும் பரிசோதிப்பதில்லை என்பது வருத்தமானது. ஓரம் கூராக, வெட்டினால் கறுஞ்சிவப்பாக உறுதியாக இருக்க வேண்டும். ஓரம் மழுங்கிப் பருத்திருந்தால் மேற்கொண்டு வெட்டாமல் உடல் முழுவதையும் மீண்டும் பார்க்க வேண்டும். காரணம் கீழே வருகிறது.

குடலில் சவ்வுக்குள் வரிசையாக இருக்கும் நெறிகளை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். குடல் சுவரில் மிளகளவு பச்சை மஞ்சள் முடிச்சுகள் பரவியிருந்தால் பெரும்பாலும் முடிச்சுப்புழு. காசநோய் என்று பயந்து ஆட்டையே கழிப்பவர்கள் இருக்கிறார்கள். நெறி பெருக்காமல் முடிச்சு குடல் சுவரில் மட்டும் இருந்தால் குடலை மட்டும் கழித்தால் போதும். குடலும் இரைப்பையும் கறியிருக்கும் அறையில் திறக்கப்படவே கூடாது. சாணி பட்ட கறியைக் கழுவினால் கிருமி பரந்து ஒட்டும். பட்ட இடத்தைக் கத்தியால் சீவி எடுப்பது ஒன்றே வழி.

உடல்

தோள்பட்டைக்கு முன்னும், தொடைக்கு முன் விலாச் சரிவிலும் இருக்கும் நெறிகளைத் தடவுங்கள். அங்கே எலுமிச்சையளவு கட்டி இருந்தால் நெறிச்சீழ் நோய். செம்மறியில் வெட்டினால் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகப் பச்சை கலந்த சீழ், வெள்ளாட்டில் பெரும்பாலும் பசைபோல. பிதுக்க வேண்டாம், சுற்றுத் திசுவோடு உருண்டையாக அறுத்தெடுங்கள். தேறிய ஆட்டில் ஓரிரு நெறி என்றால் அதோடு முடிந்தது. நுரையீரல் நெறியிலும் இருந்து ஆடும் எலும்பும் தோலுமாக இருந்தால் முழுக் கழிவு.

மெலிந்த ஆட்டையும் நோயால் உருகிய ஆட்டையும் பிரிக்கச் சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பைத் தொடுங்கள். கொஞ்சமாக இருந்தாலும் காய்ந்து வெளுத்து உறுதியாக இருந்தால் தீனிக் குறைவு, விற்கலாம். ஜவ்வரிசிக் கஞ்சிபோல ஈரமாக வழவழவென்று இருந்தால் உருக்கம், கழிவு.

மஞ்சள் நிறம் கண்டால் கொழுப்பை மட்டும் பார்க்காமல் கண் வெள்ளை, தசைநாண், பெருந்தமனியின் உள்சுவர் மூன்றையும் பாருங்கள். மூன்றிலும் மஞ்சள் என்றால் காமாலை. கொழுப்பில் மட்டும் என்றால் தீவன நிறமாக இருக்கலாம். உறுதி செய்ய, 2 கிராம் கொழுப்பை 5 மி.லி. 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறவிட்டு, சம அளவு ஈதர் சேர்த்து மெல்லக் கலக்கி வையுங்கள். மேலடுக்கு மஞ்சளானால் தீவன நிறம், கீழடுக்கு மஞ்சள் பச்சையானால் பித்தம். ஈதர் பக்கத்தில் தீ இருக்கக் கூடாது. பாடநூல்கள் ஐயமான உடலை 24 மணி நேரம் குளிரறையில் வைத்து மீண்டும் பார்க்கச் சொல்லும். குளிரறை இல்லாத கூடத்தில் நம் வெயிலில் அப்படி வைத்தால் வேறு விதத்தில் கெடும். அங்கே ஐயத்தின் பலனை உண்பவருக்குக் கொடுத்துக் கழித்துவிடுவதே சரி.

அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்று தோன்றினால்

திடீரென்று விழுந்த ஆடு, மூக்கிலும் ஆசனவாயிலும் தார்போல் உறையாத ரத்தம், உடல் விறைக்காமை. இப்படி ஒன்று இருந்தால் அறுக்கவும் உரிக்கவும் கூடாது. உடல் மூடியிருக்கும் வரை கிருமி உள்ளேயே அழுகி அழியும். திறந்து காற்றுப்பட்டால் வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். காது நுனிக் குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் பூசி, நாள்பட்ட மெத்திலீன் நீலச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இளஞ்சிவப்பு உறைக்குள் நீலக் கோல்கள் தெரியும்.

அறுத்த பிறகுதான் தெரிந்தது, சுவரொட்டி பருத்துக் கூழாக இருக்கிறது என்றால், அந்த நொடியில் எல்லாக் கத்தியும் நிற்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவக் கூடாது, சாக்கடை வழியே ஊருக்குப் போய்விடும். யாரும் வெளியேறாமல், அன்று அங்கே இருந்த கறி எதுவும் வெளியேறாமல், கால்நடைத் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டின் விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய் இது. உடலைத் தோலோடு எரிக்க வேண்டும், அல்லது ஆறடிக்குக் குறையாத குழியில் புதைக்க வேண்டும். தொட்டவர்கள் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கையில் வலியில்லாத கறுத்த பொருக்குப் புண் வந்தால் காத்திருக்கக் கூடாது.

முத்திரை, கழிவு, பதிவேடு

உண்ணத்தக்க மையால் முன்சப்பை இரண்டிலும் தொடை இரண்டிலும் அழுத்திக் குத்துங்கள். ஒரே இடத்தில் குத்தினால் அந்தத் துண்டு விற்றதும் மீதிக்கு அடையாளம் இல்லை. முத்திரைக் கட்டையை அறுப்பவர் கையில் கொடுத்துவிட்டு நகரக் கூடாது.

கழித்ததை ஆழமாகக் கீறி, ஃபீனாலோ மண்ணெண்ணெயோ ஊற்றினால்தான் பின்வாசல் வழியாகக் கடைக்குத் திரும்பாது. உடையாத ஹைடாடிட் கட்டியையும் அடைப்பான் உடலையும் மட்டும் கீறக் கூடாது.

பதிவேட்டில் தேதி, எண், எந்தச் சந்தையிலிருந்து வந்தது, எந்த உறுப்பு, என்ன காரணம் என்ற ஐந்து கட்டம் போதும். மாத முடிவில் சந்தைவாரியாகக் கூட்டிப் பாருங்கள். ஒரே ஊர் ஆடுகளின் ஈரலில் தொடர்ந்து புழு என்றால், அந்த ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கு ஒரு கடிதம் போட வேண்டும்: எந்தக் குளத்தோர மேய்ச்சல், குடற்புழு நீக்கம் எப்போது நடந்தது என்று அவர்களால்தான் விசாரிக்க முடியும்.